கிணற்றடியோடு நின்ற மின்சாரம்: கொங்கு நாட்டில் தானியம் உலர்த்தலும் சேமித்தலும்

கோயம்புத்தூர் வட்டாரத்தின் வேளாண் வரலாற்றை எழுதியோர் மின்சாரத்தைப் பெரும்பாலும் கிணற்றோடு சேர்த்தே எழுதியுள்ளனர். அதற்குத் தக்க காரணம் உண்டு. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது, கவலை இறைத்த கிணறுகளில் மின்மோட்டார்கள் ஏறியது, 1970களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து உழவர்கள் திரண்டது, 1990இல் வேளாண் மின்சாரம் முற்றிலும் இலவசமானது ஆகிய யாவும் நீர் இறைத்தல் என்ற ஒற்றை வினையைச் சுற்றி நிகழ்ந்தவை. ஆயினும் கிணறு உழவின் தொடக்கம். அதன் முடிவு களம். கிணற்று மேட்டிலிருந்து கூப்பிடு தொலைவில் இருந்த களத்துக்கு அந்த மின்சாரம் வந்து சேரவில்லை. அறுத்த தானியத்தை உலர்த்துவதற்கும் அதைப் பண்ணையிலேயே காப்பதற்கும் கொங்கு நாட்டில் மின்சாரம் இன்றுவரை அரிதாகவே பயன்படுகிறது. இந்தியாவிலேயே மிக முன்னதாகக் கிணறுகளுக்கு மின்சாரம் பெற்ற வட்டாரங்களுள் ஒன்றில் இது ஏன் நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா.

உடனடியாகத் தோன்றும் விடை வெயில். கொங்கில் வெயில் மிகுதி. இலவசமாகக் கிடைப்பதை விலை கொடுத்து வாங்குவார் இல்லை. இவ்விடை தவறன்று, முழுமையானதும் அன்று. வெயில் தானியத்தைத் தானே உலர்த்துவதில்லை. பரப்புவதற்கும், கிளறுவதற்கும், மழை இருட்டினால் குவித்து மூடுவதற்கும், கோழியையும் ஆட்டையும் விரட்டுவதற்கும் ஆள் வேண்டும். அந்த ஆள் யார், அவருடைய உழைப்பு எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்று கேட்கும்போதுதான் மின்சாரம் கிணற்றடியோடு நின்ற கதை தெளிவாகிறது.

களமும் குழியும்

கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்தது. கோயம்புத்தூர்ச் சமவெளியில் ஆண்டு மழை ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர். அதன் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. வடகிழக்குப் பருவத்தை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த மானாவாரிச் சோளம் தையிலும் மாசியிலும் அறுவடைக்கு வரும். மழை ஓய்ந்து வானம் தெளிந்த மாதங்கள் அவை. கதிரை அறுத்துப் போரடித்து, சாணம் மெழுகிய களத்தில் பரப்பி, மாடு கட்டி மிதிக்கவிட்டோ கல் உருளை ஓட்டியோ மணி பிரித்து, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தூற்றி எடுப்பது வழக்கம். அறுவடைக் காலமும் வறண்ட காலமும் ஒன்றாக அமைந்தது தற்செயல் அன்று. காய வேண்டிய பருவத்தில் முற்றும் சோள வகைகளையே தலைமுறை தலைமுறையாக உழவர்கள் தேர்ந்து வைத்திருந்தனர். பயிரின் வயதே உலர்த்தும் ஏற்பாட்டின் முதற்பகுதி எனலாம்.

இரண்டாம் பகுதி சேமிப்பு. அன்றாடத் தேவைக்கான தானியம் வீட்டுக்குள் மண் குதிரிலும் மொடாவிலும் இருந்தது. பயறு வகைகளுக்குச் செம்மண் கட்டி வெயிலில் காயவைப்பர். தானியத்தில் வேப்பிலையும் நொச்சி இலையும் சாம்பலும் சேர்ப்பர். பெரிய அளவிலான சோளமும் கேழ்வரகும் நிலத்தடிக் குழிகளில் இறங்கின. மேட்டு நிலத்தில், நீர் ஊறாத இறுகிய மண்ணில் தோண்டி, வைக்கோலோ தட்டோ பரப்பிச் சுவர்களைக் காத்து, தானியம் நிரப்பி, வாயைக் கல்லாலும் மண்ணாலும் மூடிவிடுவர். மூடிய குழிக்குள் தானியமும் பூச்சியும் சுவாசித்து உயிர்வளியைத் தீர்த்துவிடும், கரியமிலவாயு நிறையும், பூச்சி மடியும். குழியைத் திறந்தவுடன் யாரும் இறங்காமல் காற்றாட விட்டுவைத்ததும் இதனால்தான். இன்று காற்றுப்புகாச் சேமிப்பு என்ற பெயரில் நெகிழிப் பைகளாக விற்கப்படும் உத்தியின் இயங்குமுறை இதுவே. ஆனால் குழிக்கு ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே போகும் தானியம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் சூடேறிப் பூசணம் பிடித்துக் குழி முழுவதும் பாழாகும். சோளத்தைப் பொறுத்தவரை 12 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதமே பாதுகாப்பானது. அளவுகோல் பல்தான்: மணியைக் கடித்தால் மசியாமல் 'நறுக்' என உடைய வேண்டும்.

கோயம்புத்தூரில் 1906இல் தொடங்கிய வேளாண் கல்லூரி இவ்வேற்பாட்டைக் கண்டது பூச்சியியல் வழியே. டி. பெயின்பிரிக் பிளெட்சர் 1914இல் வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூலிலும், டி. வி. ராமகிருஷ்ண ஐயர் 1940இல் வெளியிட்ட பொருளாதாரப் பூச்சியியல் கையேட்டிலும் தானியச் சேமிப்பின் பூச்சிகளுக்கு இடம் உண்டு. வண்டும் அந்துப்பூச்சியும் அறிவியலின் பொருளாயின. உலர்த்தலோ பெரும்பாலும் வழக்கத்தின் பொருளாகவே விடப்பட்டது.

பைக்காராவின் வரைபடம்

சென்னை மாகாண அரசு 1927இல் மின்துறையை அமைத்தது. 1929இல் பைக்காராத் திட்டப் பணிகள் தொடங்கின. 1932இல் சிங்காராவிலிருந்து மின்சாரம் இறங்கியது. அதை எதிர்பார்த்திருந்த கூட்டத்தில் முதல் வரிசையில் நின்றவை கோயம்புத்தூரின் நூற்பாலைகள். நீலகிரியின் தேயிலைத் தொழிற்சாலைகளும் அதில் இருந்தன. இந்த ஒப்பீடு கருதத்தக்கது. தேயிலை என்பதும் ஈர இலையை வாட்டி உலர்த்திப் பக்குவப்படுத்தும் வேலைதான். மலையில் இலையை வாட்டும் விசிறிகளுக்கு மின்சாரம் ஏறியது. அம்மலையின் அடியில் இருந்த களத்துக்கு ஏறவில்லை. தேயிலை உலர்ந்த இடம் 'தொழிற்சாலை' என்ற பெயரும் முதலாளியும் கணக்கேடும் கொண்டது. களத்துக்கு அப்படியொரு பெயர் இல்லை.

கிணற்றுக்கு மின்சாரம் போன காரணம் வேறு. கிறிஸ்டபர் பேக்கர் தமது தமிழகக் கிராமப் பொருளியல் ஆய்வில், ஆற்றுப் படுகைகளிலிருந்தும் பிற சமவெளிகளிலிருந்தும் கொங்கைத் தனி வட்டாரமாகப் பிரித்துக் காட்டுகிறார். கிணறும் பருத்தியும் சொந்த உழைப்பும் சேர்ந்து அமைந்த வட்டாரம் இது. ஆழக் கிணறுகளில் கவலை இறைக்கக் காளைகளும் ஆட்களும் தேவைப்பட்டனர். காளைக்குத் தீவனம் தேவைப்பட்டது. மின்மோட்டார் வந்தால் இச்செலவு எவ்வளவு குறையும் என்பதை எந்தக் குடியானவரும் விரல்விட்டுச் சொல்லிவிட முடியும். சேமிப்பு கண்முன் தெரிந்தது. எனவே கடன் வாங்கியும் மோட்டார் வைத்தனர். உள்ளூர்த் தொழிலும் துணைக்கு வந்தது. ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937இல் மின்மோட்டார் தயாரித்ததிலிருந்து வளர்ந்த தொழில் கோயம்புத்தூரைப் பம்புசெட்டு நகரமாக்கியது. 1951இல் இந்தியா முழுவதிலும் மின்சாரத்தில் ஓடிய வேளாண் பம்புசெட்டுகள் ஏறத்தாழ 21,000 மட்டுமே. அவற்றின் பெரும்பகுதி சென்னை மாகாணத்தில் இருந்தது.

தானியத்தை மின்சாரம் முதலில் தொட்ட இடம் அரவை ஆலை. ஊருக்கு ஊர் தோன்றிய மாவு மில்லும் நெல் அரவை மில்லும் உரல், உலக்கை, திருகையின் வேலையை எடுத்துக்கொண்டன. இடித்தலும் அரைத்தலும் பெண்களின் வேலை. ஆகவே மின்சாரம் பெண்ணுழைப்பைத் தொடவே இல்லை என்று கூறுவது பொருந்தாது. கூலிக்கு அரைத்துக் கொடுக்க முடிந்ததால் அந்த வேலை சந்தைக்கு வந்தது. அதனால் அதற்கு ஒரு மோட்டாரும் வந்தது. உலர்த்துதலை அப்படிக் கூலிக்கு எடுத்துச் செய்ய எவரும் கடை திறக்கவில்லை.

பைசாவும் குதிரைத்திறனும்

1957 ஜூலை 1இல் சென்னை மாநில மின்வாரியம் அமைந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் வாரியமும் குடியானவர்களும் நேருக்கு நேர் நின்றனர். 1970இல் வேளாண் மின்கட்டணம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்த்தப்பட்டபோது கோயம்புத்தூர் மாவட்டத்தில் கிளர்ச்சி மூண்டது. ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிரிழந்தனர். 1972இல் கட்டணம் மீண்டும் உயர்ந்தது. மாட்டுவண்டிகள் கோயம்புத்தூர் நகருக்குள் வரிசையாக வந்து நின்று போக்குவரத்தை முடக்கிய காட்சி அவ்வாண்டு ஜூனில் நிகழ்ந்தது. ஜூலை 5ஆம் நாள் பல ஊர்களில் நடந்த துப்பாக்கிச் சூடுகளில் இறந்தோரின் நினைவாக அந்நாளை உழவர் அமைப்புகள் இன்றும் கடைப்பிடிக்கின்றன. வையம்பாளையம் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் தமிழக விவசாயிகள் சங்கம் உருவான களம் இதுவே.

இவ்வியக்கம் ஈட்டியது சிறிதன்று. 1984இல் சிறு உழவர்களுக்கும் 1990இல் அனைவருக்கும் மின்சாரம் இலவசமானது. 2003இல் கட்டணம் திரும்ப விதிக்கப்பட்டபோது அது நீடிக்கவில்லை. 2004 மக்களவைத் தேர்தலுக்குப்பின் கைவிடப்பட்டது. ஆனால் இவ்வெற்றியின் வடிவம் ஆராயத்தக்கது. கோரிக்கை பைசாவில் தொடங்கிக் குதிரைத்திறனில் முடிந்தது. மீட்டர் கழன்றபின் 'வேளாண் மின்சாரம்' என்பதன் அளவு, கிணற்று மேட்டில் எத்தனை குதிரைத்திறன் மோட்டார் நிற்கிறது என்பதே. இணைப்பு கிணற்றின் புல எண்ணுக்குரியது. பயன் நீர் இறைத்தலுக்குரியது. அறுவடைக்குப்பின் தானியம் எந்த எந்திரத்துக்குள் போனாலும், அந்த எந்திரம் பெரும்பாலும் தொழில் வகைப்பாட்டின் கட்டணத்துக்குள் போய்ச் சேர்ந்தது. நெல் அரவை ஆலை தொழில், கிணறு வேளாண்மை. நடுவே இருந்த களம் இரண்டிலும் சேராமல் நின்றது. துப்பாக்கிச் சூட்டில் உயிரிழப்புகள் நேர்ந்த போராட்டத்தின் கோரிக்கைகளில் களத்துக்கு மின்சாரம் என்பது இடம்பெறாததைக் குறையாகச் சொல்வது வரலாற்றுக்கு நீதி ஆகாது. அன்றைய நெருக்கடி வற்றும் கிணறு. எனினும் இயக்கம் வரைந்த எல்லையையே சட்டமும் எல்லையாக எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு டன் மக்காச்சோளத்தின் கணக்கு

மின்சாரம் களத்துக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எளிய கணக்கால் காணலாம். 22 விழுக்காடு ஈரப்பதத்தில் வரும் ஒரு டன் மக்காச்சோளத்தை 13 விழுக்காட்டுக்கு உலர்த்த ஏறத்தாழ 103 கிலோ நீரை வெளியேற்ற வேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்கக் குறைந்தது 2.4 மெகாஜூல் வெப்பம் தேவை. அப்படியானால் ஒரு டன்னுக்கு 250 மெகாஜூல். அதாவது ஏறத்தாழ 70 யூனிட். வெப்பம் சிறிதும் வீணாகாத உலர்த்திக்கே இக்கணக்கு. நடைமுறையில் இதைவிட மிகுதியாகச் செலவாகும். 5 குதிரைத்திறன் அளவுள்ள இணைப்பு ஒன்று 70 யூனிட்டைக் கொடுக்க 19 மணிநேரம் ஓடவேண்டும். கிராம மின்பாதைகளில் மும்முனை மின்சாரம் நீண்ட காலம் பகலில் 6 மணிநேரமும் இரவில் 3 மணிநேரமுமே தரப்பட்டது. ஆகவே ஒரு டன் உலர இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அதே 70 யூனிட், பாதித் திறனில் ஓடும் பம்புசெட்டைக்கொண்டு 30 மீட்டர் ஆழத்திலிருந்து 4 லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட நீரை மேலேற்றும். குடியானவர் எதைத் தேர்வார் என்பதில் ஐயமில்லை.

இக்கணக்கு மின்சாரத்தை வெப்பமாக மாற்றுவதைப் பற்றியது மட்டுமே. உலர்த்தும் எந்திரங்கள் பொதுவாக அப்படி அமைவதில்லை. வெப்பம் உமியிலிருந்தோ விறகிலிருந்தோ வரும். மின்சாரம் காற்றைத் தள்ளவும் தானியத்தை ஏற்றி இறக்கவும் மட்டும் செலவாகும். அமெரிக்க நடுமேற்கு மாநிலங்களில் 1950களில் கதிரை வயலிலேயே உதிர்க்கும் எந்திரம் பரவியபோது ஈர மக்காச்சோளம் பண்ணைக்கு வந்தது; எரிவாயு அடுப்பும் மின்விசிறியும் பொருத்திய கலன்கள் பண்ணைதோறும் எழுந்தன. அங்கு அறுவடைக் காலத்தில் குளிர் நெருங்கும். பண்ணையாள் கிடைப்பதும் அரிது. கொங்கில் வெயில் இருந்தது, ஆளும் இருந்தனர். உமியோ மில்லில்தான் இருந்தது, களத்தில் இல்லை.

மில்லும் கிட்டங்கியும்

எந்திர உலர்த்தல் தமிழகத்துக்கு வந்தது காவிரிப் படுகை வழியே. குறுவை நெல் மழையில் நனைந்து அறுவடைக்கு வருவது தஞ்சையின் பழைய துயரம். திருவாரூர் நவீன அரிசி ஆலையின் தரக்கட்டுப்பாட்டுக் கூடமாக 1967இல் தொடங்கியதே பின்னாளில் தஞ்சாவூரின் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக வளர்ந்தது. கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கோருவது அங்கு ஆண்டுதோறும் அரசியலாகிறது. உலர்த்தல் அங்கு அரசின் கவலையானதற்குக் காரணம் மழை மட்டும் அன்று. அரசே நெல்லை வாங்கியது என்பதும் ஆகும். கொங்கின் சோளத்தை அரசு அவ்வாறு வாங்கவில்லை.

கொங்கில் நெல் இல்லாமல் இல்லை. கோபிசெட்டிபாளையத்தை ஒட்டிய தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களிலும், 1955இல் நிறைவுற்ற கீழ்பவானித் திட்டத்தின் பாசனத்திலும் நெல் விளைந்தது. அந்நெல் காங்கயம் முதலிய ஊர்களின் ஆலைகளுக்குப் போயிற்று. புழுங்கல் நெல்லைப் பரந்த சிமெண்டுக் களங்களில் உலர்த்திய அவ்வாலைகள் படிப்படியாக உமி எரிக்கும் கொதிகலனும் மின்விசிறியும் கொண்ட உலர்த்திகளுக்கு மாறின. உலர்த்தலுக்கு மின்சாரம் கொங்கில் வேரூன்றிய இடம் பண்ணை அன்று, ஆலை.

சேமிப்பும் அவ்வாறே பண்ணையை விட்டு நகர்ந்தது. 1933இன் சென்னை வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டத்தின்கீழ் முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் 1936இல் திருப்பூரில் திறக்கப்பட்டது, அது பருத்திக்கானது. 1958இல் மாநிலக் கிடங்கு நிறுவனம் அமைந்தது. 1965இல் நடுவண் அரசு தொடங்கிய தானியப் பாதுகாப்பு இயக்கம் உலோகக் கலன்களை வீடுகளுக்குக் கொண்டுசென்றது. குழியும் குதிரும் பின்வாங்கின. விற்பனைக் கூடத்துக் கிட்டங்கியில் தானியத்தை வைத்து, அதன்மேல் பொருளீட்டுக் கடன் பெறும் வசதியும் வந்தது. இவை யாவும் மின்சாரமின்றி இயங்கியவை என்பது குறிக்கத்தக்கது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய சேமிப்புப் பூச்சிப் பொறிகளுள் தானியத்தில் செருகும் துளைக்குழாய்ப் பொறிக்கு மின்சாரமே வேண்டாம். கிட்டங்கி மூலையில் தொங்கும் புறஊதா விளக்குப் பொறிக்கு 4 வாட் விளக்குப் போதும். குறைந்த மின்சாரத்தில் சேமிப்பைக் காக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் விளக்குப் பொறி வடிவமைக்கப்பட்டது கிட்டங்கிக்கு. வீட்டுக் குதிருக்கு அன்று.

ஈரம் பார்க்கும் பெட்டி

1964இல் வெளியான சி.எஸ்.எச். 1 இந்தியாவின் முதல் வீரியக் கலப்புச் சோளம். குறுகிய வயதுச் சோளங்கள் விளைச்சலைக் கூட்டின. அதே வேளையில் கதிர் முற்றும் காலத்தை மழைக்குள் தள்ளின. கதிர்ப்பூசணம் சோள ஆராய்ச்சியின் பெருஞ்சிக்கலானது இதன்பிறகே. முன்னர்க் கூறியதுபோல் பழைய வகைகளின் வயதே உலர்த்தும் ஏற்பாட்டின் பகுதி. வயதை மாற்றியவர்கள் அதற்கு ஈடாக உலர்த்தும் வழி ஒன்றையும் சேர்த்துத் தரவில்லை.

பின்னர் பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிகளிலும் நாமக்கல்லிலும் கோழிப்பண்ணைத் தொழில் வளர்ந்தது. அதன் தீவனத்துக்கு மக்காச்சோளம் பரவியது. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் பெருந்திரளாக மடிந்ததை ஆராய்ந்தபோது கண்டறியப்பட்ட அஃப்லாநச்சு, ஈரத் தானியத்தில் வளரும் பூசணத்தால் உண்டாவது. ஆகவே தீவன ஆலை ஈரத்தைக் கண்டிப்பாகப் பார்க்கும். மூட்டையிலிருந்து ஒரு பிடி மணியை எடுத்து ஈரமானியில் இடுவர். மணியின் மின் தடையையோ மின்தேக்கத் திறனையோ அளந்து அப்பெட்டி விழுக்காட்டைக் காட்டும். வரம்புக்கு மேற்பட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் எடையிலோ விலையிலோ கழிவு. கடித்துப் பார்த்த பல்லின் தீர்ப்பை எதிர்த்து வாதாட முடிந்தது. பெட்டியின் எண்ணோடு வாதாடுவது கடினம். கொங்கின் களத்துத் தானியத்தின் ஊடாக மின்சாரம் பாய்ந்தது முதலில் அளப்பதற்காகத்தான். அளவின் பயன் வாங்குவோர்க்கு, உலர்த்தும் பொறுப்பு விற்போர்க்கு என்ற பங்கீடு அவ்வாறு நிலைபெற்றது.

பொறுப்பு எங்கே போயிற்று என்பதைச் சாலைகள் காட்டும். ஊராட்சி கட்டிய உலர்களங்கள் போதாமல், மக்காச்சோளமும் சோளமும் கொள்ளும் தார்ச்சாலையின் ஓரத்தில் காய்கின்றன. அதே கணவாய்க் காற்றில் பல்லடம், உடுமலை வட்டாரங்களின் காற்றாலைகள் மின்சாரம் ஆக்குகின்றன என்பது இடையில் குறிப்பிடத்தக்க ஒரு முரண். தூற்றிய காற்று கம்பி வழியே வேறிடம் போகிறது.

கணக்கில் வராத வேலை

கவலை இறைத்தவர்கள் ஆண்கள். அவர்களுடைய கூலியும் காளையின் விலையும் குடியானவரின் செலவுக் கணக்கில் இருந்தன. மோட்டாரின் ஆதாயம் அக்கணக்கை வைத்தே அளக்கப்பட்டது. களத்து வேலையின் நிலை வேறு. சோளத்தைப் பரப்பிக் காலால் அளைந்து கிளறியவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். சிறு குடியானவர் வீட்டில் அது வீட்டுப் பெண்களின் வேலை. கூலி என்ற பேச்சே இல்லை. பெரிய தோட்டங்களில் அது பண்ணையாள் குடும்பத்துப் பெண்களின் வேலை. கோயம்புத்தூர்க் கிராமங்களை 1981-82 முதல் மீண்டும் மீண்டும் ஆராய்ந்த ஜூடித் ஹேயரின் எழுத்துக்கள், பண்ணையாட்களுள் பெரும்பாலோர் மாதாரி சமூகத்தினர் என்பதையும், கடனும் முன்பணமும் அவர்களைத் தோட்டத்தோடு கட்டிய விதத்தையும், தொழில்கள் பெருகியபின் அக்கட்டு தளர்ந்த விதத்தையும் காட்டுகின்றன. ஆண்டுக் கூலிக்கு அமர்ந்த ஆளின் குடும்பம் களத்தில் செலவிட்ட நாள்களைத் தனியே எழுதும் வழக்கம் எந்த ஏட்டுக்கும் தேவைப்படவில்லை. விலை எழுதப்படாத உழைப்புக்குப் பதிலாக வைக்கும் எந்திரம் எப்போதும் செலவாகவே தோன்றும். வெயில் இலவசம் என்ற வாக்கியத்துக்குள் இந்த உழைப்பும் இலவசம் என்பது மறைந்திருந்தது.

எனவே உலர்த்தி வராமைக்கு வெயில், கட்டணச் சட்டம், உழைப்பு ஆகிய மூன்றையும் சம எடையில் வைப்பது பொருந்தாது. வெயில் தஞ்சையிலும் உண்டு. அரசு வாங்கிய நெல்லுக்கு அங்கே எந்திரம் வந்தது. கட்டண வகைப்பாடு தடை என்றால் காங்கயத்து ஆலையும் தயங்கியிருக்கும். அது தொழிற்கட்டணம் செலுத்தியே உலர்த்தியை ஓட்டியது, ஏனெனில் அதன் களத்துக் கூலி ஏட்டில் இருந்தது. பண்ணையில் மட்டுமே அக்கூலி எழுதப்படாமல் இருந்தது.

திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களும் நூற்பாலைகளும் பெண்களையும் அழைத்துக்கொண்டபின் களத்துக்கு ஆள் வருவது அரிதாயிற்று. அப்போது கூலி ஏட்டில் ஏறியது. ஆனால் அதற்குள் தானியமே களத்தை விட்டு விலகத் தொடங்கியிருந்தது. பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் சோளக்காடுகள் தென்னந்தோப்புகளாயின. எஞ்சிய காடுகளிலும் சோளம் பெரிதும் மாட்டுத் தட்டுக்காக விதைக்கப்படுகிறது. மணி பிடிக்கும் முன்போ பால்பிடிக்கும் பருவத்திலோ அறுத்துவிடுவதால் அதற்குக் களமும் வேண்டியதில்லை, குதிரும் வேண்டியதில்லை. வீட்டுச் சோற்றுக்கு நியாயவிலைக் கடை அரிசி வருகிறது.

தமிழகத்தில் வேளாண் மின்னிணைப்புகள் இன்று 20 லட்சத்துக்கும் மேல். அவை பெரும்பாலும் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நோக்கியவை. களத்துக்கென்று அரசு இப்போது மானியம் தருவது சூரிய கூடார உலர்த்திக்கு. கொங்கில் அதைப் பெரிதும் வாங்குவோர் கொப்பரைத் தேங்காய் உலர்த்துவோர். கூடாரத்துக்குள் மழை விழாது, ஆடு நுழையாது. தேங்காயைப் பரப்பவும் திருப்பவும் ஆள் உள்ளே போகவேண்டும். அவ்வேலைக்கு இன்று நாட்கூலி எழுதப்படுகிறது.